கல் இல்லாத கல்: தீவுப் பயணக் கட்டுரைகள் பற்றி ஒரு குறிப்பு

ஞாயிற்றுக்கிழமை ஆனால் கொல்லிமலை முழுக்க வெளியூர் வண்டிகள்தான். எங்கள் பைல் நாடு மட்டுமில்லை, பதினாலு நாட்டுக்கும் இதே கதை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருவார்கள். ஆகாய கங்கையில் குளிப்பார்கள். அன்னாசியும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். அதில் சிலர் ஊருக்குப் போய் எழுதவும் செய்வார்கள். அந்தக் கட்டுரைகளை நான் விடாமல் படிக்கிறேன். நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கான்னு பார்க்கிற அற்ப ஆசைதான்.

எல்லாவற்றிலும் ஒரே சரக்கு: வளைவுகளின் எண்ணிக்கை, மூலிகைக் காற்று, வல்வில் ஓரி, கொல்லிப்பாவை, குளிர். சாமையும் தினையும் விளைந்த காடு மரவள்ளிக் காடாக மாறியதும், அந்தக் கிழங்கு மலை இறங்கி ஜவ்வரிசி ஆலைக்குப் போவதும் கண்ணில் படாது. அந்தக் காடுகளைத் தாண்டித்தான் அவர்கள் அருவிக்கே போயிருப்பார்கள். பார்க்காமல் இல்லை, ஆனால் எழுத வரவில்லை. எழுத வேண்டியது என்னன்னு முன்னாடியே படித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

இப்படிப் படிக்கப்படுகிற ஊரில் இருப்பதால் மற்ற ஊர்ப் பயணக் கட்டுரைகளையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன். இந்தக் குறிப்பு அதில் ஒரு வகையைப் பற்றியது: 'தீவுல நாலு நாள்' வகை. அந்தமானில் நீல் தீவு, ஹேவ்லாக், அப்புறம் மாலத்தீவு, லட்சத்தீவு, இலங்கையில் நிலாவெளி. காலையில் கடற்கரை, மத்தியானம் ஸ்நார்கலிங், சாயங்காலம் சூரியன், ராத்திரி பொரித்த மீன்.

ஓய்வு எடுப்பதைக் குறை சொல்ல நான் வரவில்லை. வருஷம் முழுக்க உழைத்தவன் நாலு நாள் மணலில் படுத்துக் கிடந்தால் யாருக்கு என்ன? படகு எத்தனை மணிக்கு, டிக்கெட் எங்கே எடுக்கணும், சாப்பாடு எங்கே மலிவு என்று சொல்கிற பத்திகள்தான் இவற்றின் நல்ல பகுதி. அதை நன்றியோடு சொல்கிறேன், நானும் அதை வைத்துத்தான் போனேன். கோளாறு தண்ணீருக்குள் தலையை விட்டதும் ஆரம்பிக்கிறது.

அங்கே எல்லோருக்கும் மொழி நின்றுபோகிறது. 'கண்ணாடி மாதிரி தண்ணி.' 'வண்ண வண்ண மீன்கள்.' 'வேற உலகம்.' அவ்வளவுதான். இதை எழுதுகிறவர் போன வாரம் மீன் கடையில் 'இது பாரையா வௌமீனா' என்று விசாரித்து, செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கியவர். களவா, ஓரா, முரல், கிளிமீன் என்று கடலோரத் தமிழில் பேருக்குப் பஞ்சமே இல்லை. ஐஸ்கட்டி மேல் செத்துக் கிடக்கும்போது பேர் இருக்கிற மீன், தண்ணீரில் உயிரோடு நீந்தும்போது வெறும் 'வண்ண மீன்' ஆகிவிடுகிறது.

சரி, நான் போன கதைக்கு வருகிறேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2024 ஆகஸ்ட்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. அதற்கு அடுத்த வருஷம் அதில் ஏறி, யாழ்ப்பாணம் போய், பஸ்ஸில் திருகோணமலை, அங்கிருந்து நிலாவெளி. கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை. ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்றும் மழையும் வந்துவிட்டால் கதை வேறு. மேற்கே ஹிக்கடுவையில் பார்த்தால் காலம் அப்படியே தலைகீழ். பல கட்டுரைகளில் இந்த ஒரு வரி இல்லாததால் டிசம்பர் லீவில் நிலாவெளிக்குப் போய்க் கலங்கின தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில் பிஜியன் ஐலண்ட். நம் ஆட்கள் எல்லோரும் அந்தப் பேரிலேயே எழுதுகிறார்கள். உள்ளூரில் கேட்டால் 'புறாமலை'. மலையிலிருந்து போனவனுக்கு அந்தப் பேரே ஒரு சந்தோஷம். படகில் போகும்போதுதான் பேர் எவ்வளவு பொருத்தம்னு தெரிந்தது. கடலுக்கு நடுவில் பாறையை அடுக்கி வைத்த மாதிரி ஒரு குன்று, அதன் இடுக்குகளில் மலைப்புறாக்கள் கூடு கட்டுகின்றன. வெள்ளைக்காரன் காலத்தில் அதைத் துப்பாக்கிப் பயிற்சிக்கு வைத்திருந்தார்கள். 1963-ல் சரணாலயம், 2003-ல் தேசியப் பூங்கா. நூற்றுக்குப் பக்கமான பவள இனங்களும் முந்நூறு மீன் இனங்களும் அங்கே பதிவாகியிருக்கின்றன. 2004 டிசம்பர் 26 அலை இந்தக் கரையையும் அடித்தது. அதற்கு முன்னும் பின்னும் பல வருஷம் யுத்தம் இருந்த கரை இது. 'சொர்க்கம்' என்ற ஒரே சொல்லில் இதையெல்லாம் தாண்டிப் போய்விடுகிறார்கள். கடற்கரை என்றாலே இரங்கல் என்று வகுத்து வைத்த மொழியில்தான் இப்படியும் எழுதுகிறோம்.

எனக்கு நீச்சல் அரைகுறை. கிணற்றில் பழகினது. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் இறங்கினேன். எந்தக் கட்டுரையும் சொல்லாத முதல் விஷயம்: மீசை வைத்தவனுக்கு முகமூடி ஒழுகும். ரப்பர் விளிம்பு தோலில் ஒட்டாமல் மீசை வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும். இரண்டாவது, கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவாவிட்டால் அஞ்சு நிமிஷத்தில் பனி மூட்டம். மூன்றாவது, மூச்சு. குழாய் வழியாக மூச்சு விடும் சத்தம் தலைக்குள் இரைகிறது, மனசு பதறினால் அதுவும் வேகமாகிறது. முதல் கால் மணி நேரம் நான் எந்த மீனையும் பார்க்கவில்லை, என் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முகமூடிக்குள் தண்ணீர் ஏறியது. பதறிப் போய் எழுந்து நிற்கப் பார்த்தேன். கீழே கல் தெரிந்தது, இடுப்பளவுத் தண்ணீர்தான். காலை ஊன்றினேன். கூட வந்த படகுக்கார அண்ணன் கத்தினார்: "தம்பி, அதில நிக்காதேங்கோ! அது கல் இல்லை, உயிர்!" காலை எடுக்கிற அவசரத்தில் முழங்கால் உரசியது. தோல் கிழிந்தது. அது ஆற மூணு வாரம் ஆயிற்று. பவளக் காயம் லேசில் ஆறாதுன்னு அப்புறம் தெரிந்துகொண்டேன். எனக்குக் காயம் சரி. காலுக்குக் கீழே ஏதோ முறுக்கு மாதிரி நொறுங்கினதும் எனக்குத் தெரியும். கிளை விடுகிற பவளம் வருஷத்துக்கு அதிகபட்சம் சில அங்குலம் வளரும், பாறை மாதிரி உருண்டு வளர்கிற வகை ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிசு. நான் எத்தனை வருஷத்தை மிதித்தேன் என்று கணக்குப் போட எனக்குத் தைரியம் இல்லை.

எத்தனையோ கட்டுரை படித்துவிட்டுப் போனவன் நான். ஒன்றில்கூட 'கீழே நிற்காதே, மல்லாந்து மிதந்துகொண்டு முகமூடியைச் சரி பண்ணு' என்று இல்லை. தப்பு என்னுடையதுதான். ஆனால் வாசகனாக எனக்கு ஒரு கேள்வி உண்டு: ஓர் இடத்தைப் பற்றி எழுதுகிறவர் அங்கே காலை எங்கே வைக்கலாம் என்பதைக்கூடச் சொல்லவில்லை என்றால், அவர் எழுதினது அந்த இடத்தைப் பற்றித்தானா?

இதில் நம் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. பவளப்பாறை என்கிறோம், அங்கே முருகைக்கல் என்கிறார்கள், மன்னார் வளைகுடா மீனவர்கள் 'பார்' என்பார்கள். முதல் இரண்டு பேரிலும் பாறையும் கல்லும்தான். உண்மையில் அது சின்னச் சின்ன விலங்குகள் கூட்டாகக் கட்டின வீடு. ஒவ்வொன்றின் சதைக்குள்ளும் நுண்ணிய பாசி இருக்கிறது, பவளத்துக்குச் சோறும் நிறமும் அதிலிருந்து. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் கடல் சுட்டால் பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துப்போகும். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு என்று அறிவித்தார்கள். 'வெள்ளை வெளேர்னு அழகான பவளம்' என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அவர் பார்த்தது சாகக் கிடந்த பவளம். அதை அழகு என்று எழுதியதற்காக அவரை நான் திட்ட மாட்டேன். கல் என்று நினைத்தவருக்கு வெள்ளைக் கல் அழகுதானே.

கல் என்று நினைத்ததால் வந்த வினைக்கு நம் பக்கமே சாட்சி இருக்கிறது. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டினார்கள். விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின. 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும், சேர்த்தார்கள். கல்லு உயிர் ஆனது அன்றைக்குத்தான், அதுவும் காகிதத்தில்.

அதே தீவுகளைச் சுற்றித் தலைமுறையாக முக்குளிக்கிற பெண்களைப் பற்றி வந்திருக்கிற எழுத்தை இந்தச் சுற்றுலாக் கட்டுரைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். பாம்பன் பக்கம் சின்னப்பாலம் போன்ற ஊர்ப் பெண்கள். சேலைக்கு மேல் ஒரு சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் சுற்றின துணி. குழாய் கிடையாது, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று பேர் சொல்லிப் பறிக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமி பார்த்து, நீரோட்டம் பார்த்துப் போகிறார்கள். 1986-ல் தீவுகள் தேசியப் பூங்கா ஆனபின் அங்கே போவதே அவர்களுக்குக் குற்றம் ஆகிப்போனது. பாசி பறிப்பதால் பவளத்துக்குக் கெடுதல் என்று ஒரு தரப்பு, கையால் பறித்தால் மறுபடி முளைக்கும் என்று அவர்கள் தரப்பு. அந்த வழக்கைத் தீர்க்க எனக்குத் தகுதி இல்லை. நான் கவனித்தது மொழியைத்தான். அவர்களைக் குறித்து எழுதப்பட்டவற்றில் கடல் அடிக்கு ஒரு உடம்பு இருக்கிறது: எது கூர்மை, எது வழுக்கும், எந்தப் பக்கம் நீர் இழுக்கும், விரலில் எங்கே வெட்டுப்படும். கடலுக்கடியில் 'வேற உலகம்' என்ற பேச்சே அங்கே இல்லை, ஏன்னா அது அவர்கள் வேலைக்குப் போகிற இடம். கட்டக்கோரையிலிருந்து எடுக்கிற பசைதான் சில ஐஸ்கிரீம்களைக் கெட்டியாக வைக்கிறது. மணலில் உட்கார்ந்து அதைச் சாப்பிடுகிறவருக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சுற்றுலா போகிறவனும் பாசி எடுக்கிற பெண் மாதிரியே எழுதணுமா என்று கேட்கலாம். முடியாது, அப்படி எழுதினால் அதுவே ஒரு பாசாங்கு. நான் கேட்பது ரொம்பச் சின்னது. ஏ.கே. செட்டியார் 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதி எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தத் தலைமுறைப் பயண எழுத்தில் எனக்குப் பிடித்தது, எழுதுகிறவர் மூன்றாம் வரியிலேயே பரவசப்படமாட்டார். யாரிடம் பேசினேன், அவர் என்ன சொன்னார் என்று இருக்கும். இன்றைய தீவுக் கட்டுரைகளில் படகுக்காரர் சிரிக்கிறார், கை காட்டுகிறார், புகைப்படம் எடுத்துக் கொடுக்கிறார். பேச மாட்டார். மாலத்தீவில் மொழி தெரியாது, சரி. நிலாவெளியில் அவர் பேசுவது நம் தமிழ். அங்கேயும் ஊமையாகவே இருக்கிறார்.

என் படகுக்காரர் நிறையப் பேசினார். தீவின் ஒரு பக்கம் பவளம், மறுபக்கம் கருமுனைச் சுறா, மனிதரைக் கண்டால் அதுதான் ஒதுங்கும் என்றார். ஆட்கள் கூடினால் பத்து மணிக்கே தண்ணி கலங்கிடும், விடிஞ்ச உடனே வாங்கோ என்றார். ஒரு கிளிமீனைக் காட்டி, காதைத் தண்ணீருக்குள் வைத்துக் கேட்கச் சொன்னார். கடக், கடக் என்று சத்தம். பவளத்தைக் கடித்துத் தின்கிறது. தின்றது மணலாக வெளியே வருகிறது, பெரிய மீன் ஒன்று வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ போடும். வெப்பத் தீவுகளின் வெண்மணல் என்று நாம் படுத்துக்கொள்கிற மணலில் ஒரு பங்கு இந்த வகைதான். இதை எழுதினால் கட்டுரையின் உல்லாசம் கெட்டுவிடுமா என்ன? நான் அங்கே வாய்விட்டுச் சிரித்ததே அப்போதுதான். சிரித்ததில் மறுபடி முகமூடிக்குள் தண்ணீர் ஏறியது. இந்தத் தடவை நிற்கவில்லை, மல்லாந்து படுத்தேன்.

திரும்பி வந்து முதல் ஞாயிற்றுக்கிழமை, ஈரோட்டு வண்டி ஒன்று வீட்டு முன்னால் நின்றது. "அண்ணா, இங்க பாக்க என்ன இருக்கு?" வழக்கம்போல் அருவிக்கு வழி சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பையன் பேசிக்கொண்டே வேலியோரம் இறங்கி நின்றான். புல் என்று நினைத்து அவன் மிதித்துக்கொண்டிருந்தது என் அத்தை விதைத்த சாமை.

"தம்பி," என்றேன், "கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து நில்லு. சொல்றேன்."