"எங்கள்" என்னும் சொல்லின் எல்லை: பிறர்க்காக மன்றாடுதல் பற்றிய ஒரு நோக்கு

பிறர்க்காக இறைவனை வேண்டுதல் கிறித்தவ வாழ்விலே உயர்ந்த கடமைகளுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. ஆயினும், வாயளவில் நிறைவேற்றுவதற்கு அதனினும் எளிதான கடமை பிறிதொன்றில்லை. "உங்களுக்காகச் செபிக்கிறேன்" என்று கூறி விடைபெறுவோர் பலர். கூறியவாறு செய்தோர் எத்துணையர் என்பதை அவரவர் நெஞ்சமே அறியும். இம்மன்றாட்டு எப்பொழுது உண்மையாகின்றது, எப்பொழுது வெறும் உபசார மொழியாகித் தேய்ந்துவிடுகின்றது என்னும் வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். மன்று என்பது ஊர்ப் பொதுவவை. அவ்வவையில் நின்று வழக்குரைத்தலே மன்றாடுதல் எனப்பட்டது. பின்னர் அது இரந்து வேண்டுதலையும் குறிக்கலாயிற்று. எனவே பிறர்க்காக மன்றாடுபவன் பிறனொருவனுடைய வழக்கைத் தன் வழக்காக ஏற்று அவையேறி நிற்பவனாவான். அவ்வழக்கை அறியாதவன் அவையில் என்ன உரைப்பான்?

இயேசு தம் சீடர்க்குக் கற்பித்த செபத்திலே தன்மை ஒருமைச் சொல் ஒன்றேனும் இல்லை. "என்" என்பதற்கு அங்கு இடமில்லை. "எங்கள்" என்பதற்கே இடமுண்டு. கிரேக்க மொழியில் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழோ இரண்டினை வைத்துள்ளது. கேட்போரை உளப்படுத்துவது "நாம்". அவரை நீக்கி நிற்பது "நாங்கள்". இறைவனை முன்னிலைப்படுத்தி உரைக்கும் செபத்தில் "எங்கள்" என்று வருவதே பொருத்தமாகும். ஆனால் இவ்விலக்கணம் இறைவன் ஒருவனையே அச்சொல்லுக்கு வெளியே நிறுத்துகின்றது. மாந்தருள் எவரையும் அது விலக்கவில்லை. மாந்தரை விலக்குவது செபிப்பவனுடைய நெஞ்சமே. "எங்கள்" என்னும் சொல்லின் எல்லையை ஒருவன் எங்கு வரைகின்றான் என்பதிலேயே அவனுடைய மன்றாட்டின் உண்மை தங்கியுள்ளது எனலாம்.

விவிலியம் காட்டும் மன்றாட்டுகள் இக்கருத்தை வலியுறுத்துகின்றன. தொடக்கநூலின் பதினெட்டாம் அதிகாரத்தில் ஆபிரகாம் சோதோம் நகர்க்காக வழக்காடுகின்றான். ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்துப்பேர் வரை எண்ணிக்கையைக் குறைத்துக் குறைத்து இரக்கின்றான். அவனுடைய சகோதரன் மகனாகிய லோத்து அந்நகரிலேயே வாழ்கின்றான். ஆயினும் அவன் பெயரை ஆபிரகாம் ஓரிடத்திலும் எடுத்துரைக்கவில்லை. உறவினனை மட்டும் காத்தருளுமாறு கேட்டிருப்பின் அது தன்னலத்தின் நீட்சியாகவே முடிந்திருக்கும்; அவன் வேண்டியதோ அந்நகர் முழுவதன் பிழைப்பை. பொற்கன்றை வணங்கிய மக்களுக்காக மன்றாடிய மோசே, அவர்களை மன்னிக்காவிடின் தன் பெயரையும் இறைவனுடைய நூலிலிருந்து நீக்கிவிடுமாறு வேண்டியமை விடுதலைப்பயண நூலில் வருகின்றது.

இவ்விருவர்க்கும் எதிர்நிலையில் நிற்பவன் யோனா. மீன் வயிற்றினுள்ளே தனக்காக உருகி வேண்டியவன், நினிவே நகரம் தப்பிப் பிழைத்ததைக் கண்டு சினங்கொள்கின்றான். அவனும் செபிக்கத் தெரிந்தவனே. ஆனால் அவனுடைய "எங்கள்" நினிவே மாந்தரை உள்ளடக்கவில்லை.

இனி இன்றைய வழக்கத்தை நோக்குவோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, வழக்கொழிந்திருந்த விசுவாசிகள் மன்றாட்டைத் திருப்பலியில் மீண்டும் இடம்பெறச் செய்தது. திருச்சபை, ஆட்சியாளர், துன்புறுவோர், உலக மாந்தர் அனைவர்க்குமாக மக்களே வேண்டுதல் செய்யும் இம்முறை போற்றற்குரியது. ஆயினும் நடைமுறையில் அது பெரும்பாலும் அச்சிட்ட தாளை வாசித்தலாகச் சுருங்கிவிடுவதை அவதானிக்கலாம். "நோயாளர்" என்கிறோம், அவர் முகம் நம் மனத்தில் எழுவதில்லை. "வறியோர்" என்கிறோம், அவர் வீட்டு வாயிலை நாம் மிதித்ததில்லை. குறை மன்றாட்டின் வடிவத்தில் இல்லை. அவ்வடிவத்தினுள்ளே ஆளில்லாமையே குறை.

2006 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. இருதய அறுவைச் சிகிச்சை பெற்ற 1,802 நோயாளரை மூன்று பிரிவாக வகுத்து, இரு பிரிவினர்க்காக அந்நியரைக் கொண்டு செபிக்கச் செய்தனர். செபித்தோர்க்கு நோயாளருடைய பெயரும் குடும்பப் பெயரின் முதலெழுத்துமே கொடுக்கப்பட்டன. சொல்ல வேண்டிய வேண்டுதலும் வகுத்துக் கொடுக்கப்பட்டது. செபத்தினாற் பயன் எதுவும் புலப்படவில்லை. தமக்காகச் செபம் நடைபெறுவதை உறுதியாக அறிந்திருந்த பிரிவினருள் நூற்றுக்கு 59 பேருக்குச் சிக்கல்கள் தோன்றின. ஏனைய இரு பிரிவுகளிலும் அத்தொகை 51, 52 ஆகவே இருந்தது. இதனைக் கொண்டு செபம் பொய்யென்று முடிவுகட்டுவோரும், இறைவனைச் சோதித்தல் தகாதென்று ஒதுக்குவோரும் உளர். எமக்குப் புலப்படுவது வேறு. மன்றாட்டினை மருந்துபோல அளந்து கொடுக்கக் கருதியபொழுதே மன்றாடுவோனுக்கும் மன்றாடப்படுவோனுக்குமுள்ள உறவு அகற்றப்பட்டுவிட்டது. அங்கே அளக்கப்பட்டது உறவற்ற சொல்லே.

இவ்வளவும் ஏட்டளவில் நிற்கும் கருத்துகளல்ல. எம் ஊராகிய நுரைச்சோலை, கடலுக்கும் புத்தளம் களப்புக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ளது. அதே குடாநாட்டிலுள்ள தலவில் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் கிறித்தவரல்லாதோரும் திரள்கின்றனர். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் இம்மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். 2011 இல் இயங்கத் தொடங்கிய அனல் மின்நிலையம் 2014 இல் 900 மெகாவாற்று வலுவுடையதாயிற்று. மின்சாரம் நாடெங்கும் செல்கின்றது. நிலக்கரித் தூசியும் சாம்பலும் பற்றிய முறைப்பாடுகளோ இக்கரையோர மக்களிடமிருந்தே எழுந்தன. தொலைதூர நகரில் அம்மின்னொளியின்கீழ் நின்று துன்புறுவோர்க்காக வேண்டுபவரின் "எங்கள்" இவர்களையும் உள்ளடக்குகின்றதா?

இதனினும் கடுமையான சோதனை 2019 ஏப்பிரல் 21 உயிர்த்த ஞாயிறன்று வந்தது. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார். அந்நாள்களில் இறந்தோர்க்காகச் செபித்தல் இயல்பாகவே வந்தது. அஞ்சி ஒடுங்கியிருந்த அயல்வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்காகச் செபித்தல் அத்துணை இயல்பாக வந்ததா? இவ்வினாவுக்கு ஒவ்வொருவரும் தனிமையிலேயே விடையளித்தல் வேண்டும். ஆபிரகாமின் வழியும் யோனாவின் வழியும் பிரியும் இடம் இதுவே.

பகைவர்க்காக மன்றாடுதல் நீதியைக் கைவிடுதலாகாதா என ஒரு சாரார் வினவலாம். ஆகாது என்பதே எம் கருத்து. மன்னிப்பைப் பேசிய கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் அவர்களே, தாக்குதலின் உண்மை வெளிப்படுத்தப்பட வேண்டுமென்று தொடர்ந்து குரலெழுப்பியும் வந்துள்ளார். மன்றில் வழக்காடுபவன் உண்மையை மறைப்பவனல்லன். யாவும் அறிந்த இறைவனுக்கு நாம் எடுத்துரைப்பது எதற்கு என்பது மற்றொரு தடை. இறைவனுடைய திட்டத்தை மாற்றுதற்காகவன்று, செபத்தின் வழியே நிறைவேறுமாறு அவன் வகுத்தவற்றைப் பெறுதற்காகவே செபிக்கிறோம் என்பது தோமா அக்குவினாசர் தரும் விடை. செபிப்பவனும் அத்திட்டத்தில் ஒரு கருவியாகின்றான் என்பது இதனாற் பெறப்படும். கருவியாகச் சம்மதித்தவன் கைகட்டி நிற்றல் இயலாது. உடையும் உணவுமின்றி நிற்பவனை வாழ்த்தி மட்டும் அனுப்புவதால் என்ன பயன் என யாக்கோபின் திருமுகம் கேட்பதும் இதுபற்றியே.

இதற்குச் சான்று எம் மண்ணிலேயே உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் மறைந்து பணியாற்றிய கோவைக் குருவாகிய யோசேவாஸ் அடிகள், புத்தளத்திலிருந்து 1692 இல் கண்டிக்குச் சென்று சிறைப்பட்டார். 1697 இல் அந்நகரைப் பெரியம்மை வாட்டியபொழுது பலரும் அஞ்சி ஓடினர். அடிகளோ அங்கேயே தங்கி, சமய வேறுபாடு பாராது நோயாளரைப் பேணினார். 2015 இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் முழந்தாளிட்டு வேண்டியதையும், நோயாளரின் புண்ணைக் கழுவியதையும் இரு வேறு செயல்களாகப் பிரித்தல் எமக்கு இயலவில்லை.

சுருங்கக் கூறின், பிறர்க்காக மன்றாடுதலின் உண்மையை அளப்பதற்குக் கண்ணீரோ குரலின் உருக்கமோ அளவுகோலாகாது. யாருடைய பெயர் நம் செபத்தில் இதுவரை வராதிருந்தது என்பதே அளவுகோல். அப்பெயரை இறைவன்முன் ஒருநாள் சொல்லிவிட்டோமாயின், மறுநாள் அம்மனிதரை வீதியிற் கண்டும் முகந்திருப்பிச் செல்லுதல் எளிதாயிராது.