முக்கொம்புக்கு வரும் பள்ளிப் பேருந்துகள்

திருச்சியில் பள்ளிக்கூடம் படித்துவிட்டு முக்கொம்புக்குச் சுற்றுலா போகாதவர்கள் அபூர்வம். ஊரிலிருந்து மேற்கே 18 கி.மீ. பேருந்து நின்றதும் பிள்ளைகள் பூங்காவுக்கு ஓடுவார்கள். ஊஞ்சல், சறுக்கு, மரத்தடியில் புளிசாதம். மதகுப் பக்கம் யாராவது நகர்ந்தால் ஆசிரியரின் விசில் கேட்கும். தண்ணீர் பொல்லாதது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அருமையான ஒரு பாடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஒரு தலைமுறையே வீடு திரும்பியிருக்கிறது.

அந்தப் பாடம் இதுதான்: 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கே காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரியும் ஆற்றின் நீர் தாழ்வான கொள்ளிடத்துக்கே அதிகம் ஓடியது. காவிரிக் கிளை மணல் மேடிட்டது. தஞ்சை வயல்கள் காய்ந்தன. 1830களில் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டி நீரைக் காவிரிக்குத் திருப்பினார். திருப்பியது அளவு மீறிப் போய்க் காவிரிப் படுகையை அரிக்கத் தொடங்கவே, அதற்கும் ஒரு தடுப்பு போட வேண்டிவந்தது. ஒரு கோளாறைச் சரிசெய்தால் இன்னொன்று முளைக்கும் என்று பொறியியல் மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது. 2018 ஆகஸ்ட் 22 இரவு அதே மேலணையின் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

இத்தனையும் இன்று கைப்பேசியில் கிடைக்கிறது. மதகுகள் உடைந்து கிடக்கும் காட்சியை வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். எந்தப் பாடப்புத்தகமும் ஓர் அணைக்கு இவ்வளவு இடம் ஒதுக்காது. புரியாத இடத்தைப் பத்து முறை திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். நாற்பது பேர் நடுவே எழுந்து ‘மறுபடி சொல்லுங்க சார்’ என்று கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. இணையத்தின் முதல் பலம் அது தரும் தகவலைவிட இந்தக் கூச்சமின்மைதான் என்பேன்.

ஆனால் ‘முக்கொம்பு’ என்று மட்டும் தட்டிப் பாருங்கள். குடும்பத்தோடு போய்வந்த சுற்றுலாக் காணொளிகள் வரிசைகட்டும். தண்ணீர் ஏன் கொள்ளிடத்துக்கே ஓடியது என்று கேட்கத் தெரிந்தவருக்குத்தான் மேலணையின் கதை அகப்படும். அந்தக் கேள்வி பிள்ளைக்குத் தானாக வருவதில்லை. யாரோ ஒருவர் கிளப்பிவிட வேண்டும். இணையத்திலேயே எல்லாம் படித்துக்கொண்டேன் என்று பெருமையாகச் சொல்பவர்களைச் சற்று விசாரித்தால், பெரும்பாலும் நல்ல பள்ளியில் பத்துப் பன்னிரண்டு வருடம் படித்தவர்களாக இருப்பார்கள். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் என்ற இணையவழிப் பாடத்திட்டம் அற்புதமான ஏற்பாடு. ஆனால் அது கல்லூரி வாசலை மிதித்தவர்களுக்கானது.

தமிழ்வழிப் பிள்ளையின் நிலை இன்னும் மோசம். யூடியூப்பில் அவருக்கு அதிகம் கிடைப்பது ‘முக்கிய வினாக்கள்’, ‘இதைப் படித்தால் பாஸ்’ வகையறா. பள்ளியிடம் எதை வெறுக்கிறோமோ அதையே இணையம் நகலெடுத்து, விளம்பரமும் சேர்த்து விற்கிறது.

பள்ளி, இணையம் இரண்டையும் உரசிப் பார்க்க நாம் கேட்காமலே ஒரு சோதனையும் நடந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. கருவி இல்லாமல் இல்லை: 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு இருந்தது, 2019இலேயே கல்வித் தொலைக்காட்சி தொடங்கியாயிற்று. இருந்தும் அரசு கடைசியில் கையிலெடுத்தது ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை. தெருவில் ஒரு தன்னார்வலர், மாலையில் ஒன்றரை மணி நேரம், எதிரே இருபது பிள்ளைகள். அடுத்த ஆண்டே எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் பழக்க ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. திரையால் பாடத்தை வீட்டுக்குள் கொண்டுபோக முடிந்தது. ‘உனக்கு இது புரியவில்லை’ என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆள்தான் தேவைப்பட்டார்.

அதற்காகப் பள்ளிக்கு மாலை போட வேண்டியதில்லை. முகத்தைப் பார்க்கும் அந்த ஆசிரியருக்கு நேரம் எங்கே? பாதி நேரம் பதிவேடும் செயலியும் தின்கின்றன; மீதியைப் பொதுத்தேர்வு. கேள்வி கிளப்புவதுதான் பள்ளியின் வேலை என்றால், பல பள்ளிகள் அதைக் கைவிட்டுப் பல நாளாகிறது. பதில் எழுதப் பழக்குவதோடு நின்றுவிடும் பள்ளிக்கு இணையம் நிச்சயம் போட்டிதான். அந்தப் போட்டியில் பள்ளி தோற்றால் எனக்கு வருத்தமில்லை.

முக்கொம்புச் சுற்றுலாவுக்கு முந்தின நாள், 2018 வெள்ளக் காட்சியை வகுப்பில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ‘ஏன் உடைந்தது?’ என்று மட்டும் கேட்டால் போதும். மறுநாள் அணைப் பாலத்தின் மேல் இருபது இருபது பேராக, விசிலோடே கூட்டிப் போகலாம். இதற்குப் புதுத் திட்டமோ நிதியோ வேண்டாம். தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடையாது என்று தெரிந்தும் செய்யத் துணியும் ஒரு தலைமையாசிரியர் வேண்டும்.