கரிசல் சாலையில் தாழ்த்திய கார்

காரின் உயரத்தைக் குறைப்பதற்காகக் கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, அதைவிடக் குட்டையும் சற்று விறைப்பும் உடைய வேறொரு ஸ்பிரிங்கைப் பொருத்துவதும், ஷாக் அப்சார்பரை மட்டும் தொழிற்சாலையில் வந்தபடியே விட்டுவைப்பதும் கார் ஆர்வலர்களிடையே உலகெங்கும் காணப்படும் வழக்கம். ஜெர்மனியின் ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே ஸ்பிரிங் செய்து விற்கின்றன. நான்கு ஷாக் அப்சார்பர்களையும் சேர்த்து மாற்றுவதைவிடச் செலவு மிகக் குறைவு என்பதும், மாட்டிய அன்றே காரின் தோற்றம் மாறிவிடுகிறது என்பதும் இவ்வழக்கத்தின் பரவலுக்குக் காரணங்கள். இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘கம்பெனி ஷாக் தாங்குமா’ என்ற ஒற்றைக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. கேள்வி நியாயமானதே எனினும் அது முதற்கேள்வி அன்று. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துச் சாலைகளை வைத்துப் பார்த்தால், ஷாக் அப்சார்பர் தோற்பதற்கு முன்பே வேறொன்று தீர்ந்துவிடுகிறது; அது சக்கரம் மேலெழுவதற்கு மிஞ்சியிருக்கும் இடம்.

ஸ்பிரிங்கின் வேலை காரின் எடையைத் தாங்கி, சாலையின் மேடுபள்ளத்தை அமுங்கியும் நீண்டும் ஏற்பது. ஸ்பிரிங் தான் வாங்கிய ஆற்றலைச் செலவழிப்பதில்லை, திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே அதனிடமே விட்டுவிட்டால் கார் ஒரு பள்ளத்துக்குப் பல முறை எழுந்து தாழும். அந்த ஆட்டத்தை எண்ணெய்க்குள் நகரும் பிஸ்டனின் தடையால் வெப்பமாக்கி அடக்குவதே ஷாக் அப்சார்பரின் பணி. இவ்விரண்டுக்கும் அப்பால், பலரும் கவனிக்காத மூன்றாவது உறுப்பு ஒன்று உண்டு. ஷாக் அப்சார்பரின் தண்டில் செருகப்பட்டு, சக்கரம் முழுவதுமாக மேலெழும்போது இரும்போடு இரும்பு மோதாமல் காக்கும் அந்தக் கெட்டி நுரைத் துண்டைப் பம்ப் ஸ்டாப் என்பர். கார் நிற்கும் நிலைக்கும் பம்ப் ஸ்டாப்பைத் தொடும் நிலைக்கும் இடையிலுள்ள தூரமே மேலே சொன்ன மிஞ்சிய இடம். இங்கு அது அமுக்க இடம் எனப்படும்.

கணக்குக்காக ஒரு செடான் காரின் பின்சக்கரம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஓட்டுநர் மட்டும் இருக்கையில் அச்சக்கரத்தின் மேல் 300 கிலோ எடை இருப்பதாகவும், 1 மில்லிமீட்டர் அமுங்க ஏறத்தாழ 2 கிலோ எடை தேவைப்படுவதாகவும், அமுக்க இடம் 80 மில்லிமீட்டர் என்றும் கொள்வோர், 40 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்கை மாட்டியதும் அந்த இடம் பாதியாகிவிடுவதைக் காண்பர். ஸ்பிரிங் ஏற்கும் ஆற்றல் அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே முன்பு 80 மில்லிமீட்டரில் ஏற்ற அதே அடியை இப்போது 40 மில்லிமீட்டருக்குள் ஏற்க வேண்டுமானால் ஸ்பிரிங் நான்கு மடங்கு விறைப்பாக இருந்தாக வேண்டும். அப்படியொரு ஸ்பிரிங்கை யாரும் விற்பதில்லை, விற்றாலும் அந்தக் காரில் யாரும் உட்கார முடியாது. எடுத்துக்காட்டாக 30 சதவீத விறைப்பு கூடியதாகக் கொண்டால், மீதி அடியை வாங்குவது பம்ப் ஸ்டாப்தான். தாழ்த்திய காரில் ‘ஸ்போர்ட்டி’ என்று பாராட்டப்படும் இறுக்கத்தில் ஒரு பங்கு உண்மையில் ஸ்பிரிங்கின் குணமே அன்று, நுரைத் துண்டின் மேல் உட்கார்ந்து ஓடும் காரின் குணம் என்பதை விற்பவர் சொல்வதில்லை.

ஷாக் அப்சார்பரின் நிலையும் இதே எடுத்துக்காட்டில் தெளிவாகும். ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதைக் காட்டும் அளவு தணிப்பு விகிதம் எனப்படும். அது 1 ஆக இருந்தால் கார் ஆடாமலே நிலைக்குத் திரும்பும், 0 ஆக இருந்தால் ஆட்டம் அடங்கவே அடங்காது. கம்பெனி அமைப்பில் அது 0.30 என்று வைத்துக்கொண்டால், ஸ்பிரிங் 30 சதவீதம் விறைத்ததும் அதே ஷாக் அப்சார்பர் 0.26 அளவுக்கே தணிக்கும். ஒரு முழு ஆட்டத்துக்குப் பின் எஞ்சும் அசைவு 14 சதவீதத்திலிருந்து 18 ஆகக் கூடுகிறது. இந்த வேறுபாட்டை ஓட்டுபவர் பெரும்பாலும் உணர மாட்டார். ஆகவே புதிய கம்பெனி ஷாக்கோடு மிதமான தாழ்த்து ஸ்பிரிங் சேர்வது உடனடிக் கேடு என்று அஞ்சுவோரின் கூற்று மிகை. ஆனால் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்து, தணிப்பு விகிதம் 0.20க்கு இறங்கிவிட்ட ஷாக்கில் அதே ஸ்பிரிங்கை மாட்டினால் விகிதம் 0.175 ஆகிவிடும். ‘வண்டி அலையுது’ என்று பட்டறையில் சொல்லப்படும் நிலை அதுவே. தாழ்த்தும் ஆசை பெரும்பாலும் பழைய கார் வாங்கியவருக்கே வருகிறது என்பதால் இந்த இரண்டாம் கணக்குத்தான் நடைமுறைக்கு நெருக்கமானது.

இங்கே மண்ணைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பக்கம் செம்மண் விரிந்திருக்க, சிவகாசிக்குக் கிழக்கும் தெற்கும் பெரும்பகுதி கரிசல். கரிசல் மண் வடகிழக்குப் பருவமழையில் நீரை வாங்கி உப்பும், கோடையில் சுருங்கிக் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் போட்ட சாலை, தார் நன்றாக இருந்தாலும், ஆண்டுக்கு ஆண்டு அடியிலிருந்து எழுந்தும் அமிழ்ந்தும் நீண்ட அலைகளாகிவிடுகிறது. குழி வேறு, அலை வேறு. குழியைக் கண்டு ஓட்டுநர் பிரேக் பிடிப்பார். அலை கண்ணுக்கு எளிதில் தெரியாது, தெரிந்தாலும் வேகத்தைக் குறைக்கத் தோன்றாது. மேற்சொன்ன காரின் உடல் கம்பெனி ஸ்பிரிங்கில் நொடிக்கு 1.3 முறையும், விறைத்த ஸ்பிரிங்கில் ஏறத்தாழ 1.5 முறையும் ஆடும் இயல்புடையது. 15 மீட்டருக்கு ஒன்றாக அலை எழும் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அக்கார் நொடிக்கு ஏறத்தாழ 1.5 அலைகளைக் கடக்கிறது. சாலையின் தாளமும் காரின் தாளமும் ஒன்றாகிவிடும் இந்நிலை ஒத்ததிர்வு எனப்படும். கம்பெனி ஸ்பிரிங்குக்கும் இப்படியொரு வேகம் உண்டு, 70 கிலோமீட்டரில் அது வரும். ஆனால் அந்தக் காருக்கு அமுங்க இடம் இருக்கிறது.

அலையின் மேடு சராசரி மட்டத்திலிருந்து 2 சென்டிமீட்டர் மட்டுமே உயர்ந்ததாகக் கொண்டாலும், ஒத்ததிர்வு நிலையில் நல்ல ஷாக் உள்ள தாழ்த்திய காரின் சக்கரம் உடலை நோக்கி 3.8 சென்டிமீட்டர் எழும். மிஞ்சியிருக்கும் 4 சென்டிமீட்டருக்குள் அது மயிரிழையில் அடங்குகிறது. தேய்ந்த ஷாக் என்றால் 5.7 சென்டிமீட்டர் வேண்டும், கார் அலைக்கு ஒரு முறை பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும். அதே தேய்ந்த ஷாக்கோடு கம்பெனி ஸ்பிரிங் இருந்தால் தேவை 5 சென்டிமீட்டர், இருப்பு 8. இவ்வளவும் ஓட்டுநர் தனியாகச் செல்லும்போது உள்ள நிலை. சிவகாசியில் கார் அப்படி ஓடுவது அரிது. குடும்பத்தோடு மதுரைக்குச் செல்வதும், காலண்டர், டைரி மாதிரிகளைக் கட்டுக்கட்டாக டிக்கியில் ஏற்றி வெளியூர் வியாபாரிகளைப் பார்க்கச் செல்வதும் இவ்வூர்க் கார்களின் அன்றாடம். காகிதம் கனமானது என்பதை அச்சகத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. பின்சக்கரம் ஒன்றின் மேல் 75 கிலோ கூடினால் விறைத்த ஸ்பிரிங் 29 மில்லிமீட்டர் அமுங்கும். எஞ்சுவது 11 மில்லிமீட்டர். நகரும் முன்பே கார் நுரைத் துண்டை ஏறத்தாழத் தொட்டுவிட்ட இந்நிலையில், உலகின் மிகச் சிறந்த ஷாக் அப்சார்பரை மாட்டினாலும் பயன் பெரிதாக இராது. ‘ஷாக்கையும் மாற்றிவிட்டால் சரியாகிவிடும்’ என்ற வழக்கமான அறிவுரை முழுமையற்றதாவது இங்கேதான்.

வேகத்தடையில் நிகழ்வது வேறொரு கணக்கு. இந்திய சாலைக் காங்கிரசின் 99ஆம் நெறிநூல் வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மென்மையான வில்வளைவு. 2.45 மீட்டர் சக்கர இடைவெளியுள்ள மாருதி ஸ்விஃப்ட் அதன் உச்சியைத் தாண்டும்போது நான்கு சக்கரங்களும் வளைவின் மேலேயே இருப்பதால், காரின் வயிற்றுக்குக் கீழே தேவைப்படும் இடைவெளி 44 மில்லிமீட்டர் மட்டுமே. 163 மில்லிமீட்டர் தரை இடைவெளியுள்ள அக்காரை 40 மில்லிமீட்டர் தாழ்த்தினாலும் அது தடையின்றிக் கடந்துவிடும். ஆனால் நெறிநூலைப் பாராமல் ஊரார் போட்டுக்கொண்ட ஒரு மீட்டர் அகலத் திண்டு 15 சென்டிமீட்டர் உயரம் இருந்தால், முன்சக்கரம் இறங்கிய பின்னும் பின்சக்கரம் ஏறியிராது. முழு 150 மில்லிமீட்டரும் வேண்டும். அங்கே ஆளேறிய கம்பெனிக் காரே அடி தட்டும். தாழ்த்திய காரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு குறைகளுக்கிடையிலும் இவ்வழக்கத்தை வெறும் அலங்கார மோகம் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. விறைத்த ஸ்பிரிங் வளைவில் காரின் சாய்வைக் குறைக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் உடல் தயங்காமல் தொடர்கிறது. விருதுநகர் வழியே மதுரைக்குச் செல்லும் நான்குவழிச் சாலையில் பாதை மாறும்போது இந்த உறுதி ஓட்டுநருக்கு உண்மையான நம்பிக்கை தருகிறது. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்திலோ கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ தாழ்ந்த கார் தன் இயற்கைச் சூழலில் இருக்கிறது. ஆயினும் இந்த நன்மை எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. எடை மையம் தாழ்வதால் சாய்வு குறைகிறது என்பர். பெரும்பாலான சிறு கார்களின் முன்புறத்தில் உள்ள மெக்ஃபெர்சன் அமைப்பில், கார் தாழும்போது சக்கரத்தை உடலோடு இணைக்கும் கீழ்க்கரத்தின் கோணம் மாறி, உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த உருளல் மையம் எடை மையத்தைவிட வேகமாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள நெம்புகோல் நீளம் குறைவதற்கு மாறாகக் கூடிவிடுகிறது. சாய்வு குறைவது விறைப்பால், தாழ்வால் அன்று. உயரத்தைத் தொடாமல் விறைப்பையும் தணிப்பையும் மட்டும் கூட்டினாலும் அதே நன்மை கிட்டும். இருங்காட்டுக்கோட்டையிலேயே ஹூண்டாய் தயாரித்து 2021இல் வெளியிட்ட ஐ20 என் லைன் காரில் நிறுவனம் சஸ்பென்ஷனை இறுக்கிய விதம் இந்த வழியைச் சேர்ந்தது.

ஸ்பிரிங்கை வாங்காமல் இருக்கும் ஸ்பிரிங்கையே வெட்டிக் குட்டையாக்கும் மலிவு வழியைப் பற்றி நீளமாக ஆராய ஒன்றுமில்லை. ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும் என்ற அளவில் அதன் கணக்குச் சரிதான். ஆனால் கேஸ் கட்டரின் சூட்டில் எஃகின் பதம் போய்விடுகிறது. வெட்டிய முனை தன் சீட்டில் சரியாக உட்காருவதில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கும்போதோ சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போதோ ஸ்பிரிங் தளர்ந்து இடம் பிசகுகிறது. முறையாகச் செய்த ஸ்பிரிங் முழுவதும் நீண்ட நிலையிலும் சிறிது இறுக்கத்தோடு இருக்கும்படி சுருள்கள் அமைக்கப்பட்டிருக்கும். விலையில் உள்ள வேறுபாட்டுக்கு இதுவே பொருள்.

சட்டத்தின் நிலை தெளிவும் குழப்பமும் கலந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தம் 182ஏ பிரிவின் வழியே அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தந்தது. பதிவுச் சான்றில் தரை இடைவெளி எழுதப்படுவதில்லை என்பதால் ஸ்பிரிங் மாற்றம் 52ஆம் பிரிவுக்குள் வருமா என்று வாதிடலாம். ஜெர்மனியில் இந்த வாதத்துக்கே வேலையில்லை; ஸ்பிரிங் பரிசோதனைச் சான்றோடு வருகிறது, பொருத்திய பின் ஆய்வாளர் பார்த்து ஒப்புகிறார். தடை செய்வதைவிடச் சோதிப்பது கடினம் என்பதால்தான் இங்கே அவ்வழி பின்பற்றப்படவில்லை போலும்.

இத்தனைக்குப் பின்னும் தாழ்த்த விரும்புபவர், பெட்டியின் மேல் எழுதியுள்ள தாழ்வு எண்ணைப் பார்ப்பதைவிடச் சுமையேற்றிய நிலையில் பின்சக்கரத்துக்கு என்ன மிஞ்சும் என்பதைப் பார்ப்பது பொருத்தம். 40 மில்லிமீட்டர் தாழ்வு கரிசல் பக்கத்துச் சாலைக்கு எவ்வகையிலும் பொருந்தாது. 20, 25 மில்லிமீட்டர் தாழ்வும் ஷாக் புதிதாக இருந்து, முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் டோ கோணம் மாறி டயரின் உள்பக்கம் தேயாதபடி உடனே வீல் அலைன்மென்ட் செய்யப்பட்டால் மட்டுமே ஏற்கத்தக்கது. ஸ்பிரிங் வாங்கும் முன்பே செய்து பார்க்கக்கூடிய, சில ரூபாய்க்கு மேல் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பின் ஷாக் அப்சார்பரின் தூசி உறையை மேலே தள்ளிவிட்டு, பளபளக்கும் தண்டின் அடியில் ஒயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை இறுக்கிக் கட்டி, வழக்கமான ஆட்களையும் சுமையையும் ஏற்றிச் சிவகாசியிலிருந்து சாத்தூர் சென்று திரும்பினால், ஷாக்கின் குழாய் மேலெழுந்த எல்லை வரை அந்தப் பட்டையைத் தள்ளி விட்டிருக்கும். கம்பெனி ஸ்பிரிங்கிலேயே பட்டை பம்ப் ஸ்டாப்புக்கு ஒரு விரற்கடை அருகில் நின்றால், அந்தக் காரில் குறைப்பதற்கு உயரம் ஏதும் இல்லை. மூன்று விரற்கடை இடைவெளி இருந்தால், அதில் ஒன்றை மட்டும் செலவிடலாம்.