வட்ட விளக்கங்களைக் கண்டறியும் கணக்கு: ஒரு மதிப்பீடு

‘நிறை என்றால் என்ன?’ என்று கேட்டால், ‘அடர்த்தியைப் பருமனால் பெருக்கக் கிடைப்பது’ என்று விடை எழுதலாம். ‘அடர்த்தி என்றால் என்ன?’ என்று கேட்டால், ‘ஓரலகு பருமனில் அடங்கிய நிறை’ என்று எழுதலாம். தனித்தனியே பார்த்தால் இரண்டிற்கும் மதிப்பெண் உண்டு. சேர்த்துப் பாருங்கள், எதுவுமே விளக்கப்படவில்லை!

இது மாணவர் மட்டும் செய்யும் பிழையன்று. 1687-இல் வெளிவந்த நியூட்டனின் பிரின்சிபியா நூலின் முதல் வரையறையே நிறையை அடர்த்தியாலும் பருமனாலும் விளக்குகிறது. இது வட்ட விளக்கம் என்று 1883-இல் எர்ன்ஸ்ட் மாக் கண்டித்தார்.

இரண்டே சொற்கள் என்றால் வட்டம் கண்ணில் படும். நூற்றுக்கணக்கான சொற்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் நூலில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு ‘டோப்பாலஜிக்கல் சார்ட்டிங்’ எனப்படும் வரிசைப்படுத்தும் முறை உதவுகிறது. ஆர்தர் கான் என்பவர் 1962-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஓர் எளிய வழியைத் தந்தது. பெரிய திட்டங்களில் எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று ஒழுங்கு செய்வதே அவர் நோக்கம். 30,000 வேலைகளை அக்காலத்து ஐ.பி.எம். 7090 கணிப்பொறி ஒரு மணி நேரத்திற்குள் வரிசைப்படுத்திவிடும் என்றார் அவர். கலைச்சொல் அகராதிக்கும் இம்முறை பொருந்தும் என்பதை டொனால்டு கனூத் 1968-இல் தம் நூலில் எடுத்துக்காட்டினார்.

முறையை நீங்களே செய்து பாருங்கள். நீளம், காலம், பருமன், திசைவேகம், முடுக்கம், அடர்த்தி, நிறை, உந்தம், விசை, வேலை என்னும் பத்துச் சொற்களையும் தாளில் எழுதுங்கள். ஒரு சொல்லை விளக்க மற்றொன்று தேவையானால், தேவைப்படும் சொல்லிலிருந்து விளக்கப்படும் சொல்லுக்கு ஓர் அம்பு வரையுங்கள். நீளத்திலிருந்து பருமனுக்கு ஓர் அம்பு, நிறையிலிருந்தும் முடுக்கத்திலிருந்தும் விசைக்கு அம்புகள், இப்படியே மற்றவையும். நியூட்டன் வழியில் அடர்த்தியிலிருந்து நிறைக்கும், பாடநூல் வழியில் நிறையிலிருந்து அடர்த்திக்கும் அம்புகள் வரும்.

இனி, எந்த அம்பும் வந்து சேராத சொல்லைத் தேடிப் பட்டியலில் எழுதி, அதிலிருந்து புறப்படும் அம்புகளை அழித்துவிடுங்கள். முதலில் நீளமும் காலமும் வெளியேறும். அதனால் பருமனும் திசைவேகமும், பின்னர் முடுக்கமும் விடுபடும். அத்துடன் வேலை நின்றுவிடும். அடர்த்தி, நிறை, உந்தம், விசை, வேலை ஆகிய ஐந்தும் தேங்கி நிற்கும். இவ்வாறு தேக்கம் ஏற்பட்டால் எங்கோ ஒரு வட்டம் உள்ளது என்பது உறுதி. வட்டம் இல்லையேல் தேக்கமும் இல்லை.

இம்முறையின் சிறப்பு இதுதான். ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வோர் அம்பையும் ஒரு முறைக்கு மேல் கையாள வேண்டியதில்லை. ஆகவே சொற்கள் பெருகினாலும் உழைப்பு அதே விகிதத்தில்தான் பெருகும். பள்ளி மாணவரும் பென்சிலால் செய்து முடிக்கலாம்.

ஆயினும் குறைகளும் உண்டு. தேங்கி நின்ற ஐந்தும் குற்றவாளிகள் என்று எண்ணிவிடாதீர்கள். வட்டத்தில் இருப்பவை நிறையும் அடர்த்தியும் மட்டுமே. மற்ற மூன்றும் அவற்றை நம்பிக் காத்திருப்பவை. வட்டத்தைப் பிரித்தறிய இன்னும் ஒரு படி தேவை. தேங்கியவற்றுள் ஏதேனும் ஒன்றிலிருந்து அம்புகளின் எதிர்த்திசையில் செல்லுங்கள். வேலையிலிருந்து விசைக்கு, விசையிலிருந்து நிறைக்கு, நிறையிலிருந்து அடர்த்திக்கு, மீண்டும் நிறைக்கு! வந்த இடத்திற்கே திரும்பிவிட்டோம், வட்டம் அகப்பட்டது. தேங்கிய ஒவ்வொரு சொல்லுக்கும் தேங்கிய மற்றொரு சொல்லிலிருந்து அம்பு வருவதாலும், சொற்கள் எண்ணிக்கையில் அடங்குபவை என்பதாலும், இந்தப் பின்னோக்கிய பயணம் வட்டத்தில் முடிந்தே தீரும். இந்தப் படியைச் சேர்க்காமல் கற்பிப்பது, நோய் உண்டு என்று சொல்லி நோயுள்ள உறுப்பைக் காட்டாமல் விடுவது போன்றதே.

இரண்டாவது குறை ஆழமானது. வட்டத்தை உடைக்க எந்த அம்பை நீக்குவது? கணக்கு இதற்கு விடை கூறாது. மாக் ஒரு வழி காட்டினார். இரு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று செயற்படும்போது அவை பெறும் முடுக்கங்களின் தலைகீழ் விகிதமே நிறைகளின் விகிதம் என்றார். அதாவது நிறைக்கு அடர்த்தியிலிருந்தும் பருமனிலிருந்தும் வரும் அம்புகளை நீக்கி, முடுக்கத்திலிருந்து வரைந்தார். நியூட்டனுக்கு அடர்த்தியே அடிப்படைக் கருத்து என்று வாதிடுவோரும் உண்டு. அவர்கள் வழியில், நிறையிலிருந்து அடர்த்திக்குச் செல்லும் அம்பை நீக்கவேண்டும். இரு வழிகளிலும் பத்துச் சொற்களும் தேக்கமின்றி வரிசையில் வந்துவிடுகின்றன. கணக்கிற்கு இரண்டும் ஒன்றே. ஆனால் இயற்பியலுக்கு அப்படியன்று. முடுக்கத்தை அளவுகோலும் கடிகாரமும் கொண்டு அளக்கலாம். அடர்த்தியை நிறையின் துணையின்றி அளப்பது எப்படி? இந்தக் கேள்வியைக் கேட்பவன் மனிதன், கணிப்பொறியன்று.

எனவே இம்முறையைக் குறை கூறி ஒதுக்கவேண்டாம். அதற்குரிய இடத்தில் வைப்போம். வட்டம் உண்டா என்பதை அது ஐயமறக் கூறும். எங்கே என்பதைச் சிறு உதவியுடன் கூறும். எப்படி நீக்குவது என்பதை நாமே ஆராயவேண்டும். அடுத்த முறை பாடநூலைத் திறக்கும்போது, ஒரு பாடத்தின் வரையறைகளை எடுத்து அம்புகள் வரைந்து பாருங்கள். நீங்கள் மனப்பாடம் செய்தவற்றுள் உண்மையில் புரிந்தவை எவை என்பது அப்போது தெரியவரும்.