குறளின் மூன்றாவது வரி

"ஏன்டா, வள்ளுவரு எப்பலேர்ந்து மூணு அடியில எழுத ஆரம்பிச்சாரு?"

பெரியப்பா போனில் கேட்டார். கோலியனூர் கூட்டுரோட்டில் புதுச்சேரி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என் இணையதளத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். யாப்பு பற்றி நான் எழுதிய குறிப்புகளைப் பெருமையாக அவருக்கு அனுப்பியிருந்தேன். பெரிய திரையின் முன் உட்கார்ந்து செய்த தளம் அது. அதில் குறள் இரண்டு வரியாகத்தான் இருந்தது.

அவர் போனில் நடந்தது இதுதான். குறளின் முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று. சாதாரண ஆண்ட்ராய்டு போனின் அகலம் உலாவியின் கணக்கில் சுமார் 360 பிக்சல். எழுத்தை 18 பிக்சலில் வைத்தால் பல குறள்களின் முதலடி அதற்குள் அடங்காது. நான்காம் சீர் கீழே விழும். கண்ணுக்கு 3, 1, 3 என்று மூன்று வரி.

எழுத்தைச் சுருக்கிப் பார்த்தேன். 11 பிக்சலில் குறள் மறுபடி இரண்டு வரியானது. ஆனால் பெரியப்பாவால் படிக்க முடியவில்லை. வடிவத்தைக் காப்பாற்றப் போய் வாசகரை வெளியே தள்ளிவிட்டேன்.

பிடிஎஃப் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் எச்டிஎம்எல்லாகவும் பிடிஎஃப்பாகவும் கிடைக்கின்றன. பிடிஎஃப் பக்கம் அச்சுப் பக்கம் மாதிரி அசையாமல் நிற்கும். போனில் இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும். எச்டிஎம்எல் திரைக்கேற்ப மடங்கும், ஆனால் எங்கே மடங்கலாம் என்று அதற்குத் தெரியாது. திரையின் அகலத்துக்குப் பக்கம் வளைந்துகொடுக்க வேண்டும் என்று ஈதன் மார்கோட் 2010இல் எழுதினார். உரைநடைக்கு அது போதும். கவிதைக்குப் போதுமா?

பழைய செய்யுளுக்குப் போதும் என்றுதான் நினைக்கிறேன். ஓலைச்சுவடியில் அடிக்கு ஒரு வரி என்ற கணக்கு கிடையாது. ஓலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எழுத்து ஓடும், பெரும்பாலும் மெய்க்குப் புள்ளிகூட இருக்காது. அடி எங்கே முடிகிறது என்பதை எதுகையும் தளையும் காதுக்குச் சொல்லின. ஆறுமுக நாவலர், சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் போன்றவர்களின் உழைப்பால் சுவடிகள் அச்சுக்கு வந்த பிறகே அடி மெல்ல மெல்லக் கண்ணுக்கும் உரியதானது. பெரியப்பாவின் கேள்வியில் கேலி இருந்தது, குழப்பம் இல்லை. மூன்று வரியாகப் பார்த்ததை அவர் காது இரண்டடியாகத் திருத்திக்கொண்டது.

அதே தளத்தில் என் கவிதைகளும் சில இருந்தன. அவற்றைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்குப் போனபோது அவர் போனை வாங்கிப் பார்த்தேன். ஆறு வரிக் கவிதை ஒன்பது வரியாகக் கிடந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க வழியும் இல்லை.

ந. பிச்சமூர்த்தியும், 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழில் வந்தவர்களும் யாப்பின் கட்டிலிருந்து விலகியபோது, வரியை எங்கே முறிப்பது என்பது முழுக்கக் கவிஞரின் முடிவாயிற்று. தனி வரியில் நிற்கும் ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் கிடைக்கிறது. திரை தன் வசதிக்காக வேறொரு சொல்லைக் கீழே தள்ளினால் அதற்கும் அதே மௌனம் கிடைத்துவிடும். எது கவிஞர் நிறுத்தியது, எது போன் தள்ளியது என்று சொல்ல எதுகையும் இல்லை, தளையும் இல்லை. போனுக்குப் பயப்பட வேண்டியது வெண்பா அல்ல, புதுக்கவிதைதான். இதற்குப் பயந்தே நான் இப்போது வரிகளைக் குட்டையாக எழுதுகிறேனோ என்ற சந்தேகமும் வருகிறது. அப்படியானால் என் வரியை முறிப்பது நானா, 360 பிக்சலா?

தீர்வு சின்னது. மடங்கி விழும் பகுதியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பது. வால்ட் விட்மனின் நீண்ட வரிகளை அச்சடிப்பவர்கள் எப்போதோ கண்டுபிடித்த வழி. சிஎஸ்எஸ்ஸில் இரண்டு கட்டளை போதும். 'இது புது வரி இல்லை, மேல் வரியின் மிச்சம்' என்று அந்த இடைவெளி சொல்லிவிடும். நான் போனில் படிக்கும் இணைய இதழ்கள் பலவற்றில் கவிதைக்கும் கட்டுரைக்கும் ஒரே அமைப்புதான். கவிதையில் வரி முக்கியம் என்று விமர்சனத்தில் சொல்லிவிட்டு, அதைப் பிரசுரிக்கும்போது போனின் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறோம்.

மாற்றிய பிறகு பெரியப்பாவிடம் காட்டினேன். குறளைப் பார்த்தார். "நாலாவது சீரு கொஞ்சம் தள்ளி ஒக்காந்திருக்கு. பரவால்ல, நம்ம வீட்டு ஆளுன்னு தெரியுது." பிறகு விரலால் மேலே தள்ளி என் கவிதைக்கு வந்தார். மெதுவாக, உதடசைத்துப் படித்தார். இந்தத் தடவை சரியான இடங்களில் நிறுத்தினார்.