கணினி விளையாட்டில் பாத்திர அமைப்பு: தேர்வும் நகலும்

பாத்திர அமைப்பு என்பது, கற்பனை உலகக் கணினி விளையாட்டுகளில் ஆடுபவர் தம் பாத்திரத்தின் எந்தத் திறனை, எந்த அளவில், எந்த வரிசையில் வளர்ப்பது என்று செய்துகொள்ளும் ஏற்பாடு. தமிழ்நாட்டு இளைஞர்கள் இதைப் 'பில்டு' என்றே சொல்கின்றனர். வாள்வீரரா, மந்திரவாதியா, வில்லாளியா என்று முடிவு செய்வதில் இது தொடங்குகிறது. ஒவ்வொரு நிலை உயரும்போதும் கிடைக்கும் புள்ளிகளை எங்கே செலவிடுவது என்பது வரை நீள்கிறது.

இன்று பெரும்பாலான ஆட்டங்களுக்கு இணையத்தில் ஆயத்தப் பட்டியல்கள் கிடைக்கின்றன. "இதுவே மிகச் சிறந்த அமைப்பு" என்று சொல்லும் காணொளியைப் பார்த்து, அதிலுள்ள எண்களை அப்படியே உள்ளிடும் வழக்கம் பரவியுள்ளது. அந்தப் பட்டியல்களில் பல நன்கு கணக்கிட்டு உருவாக்கப்பட்டவை. ஆனால் அவை விடையைக் கொடுத்துக் காரணத்தை விட்டுவிடும்போது, ஆட்டத்தின் முக்கியமான பகுதியே ஆடுபவர் கையிலிருந்து நழுவிவிடுகிறது. நான்கு ஆட்டங்களை எடுத்துக்கொண்டு இதைப் பரிசீலிக்கலாம்.

தோற்றம்

இந்த முறையின் மூலம் 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற ஆட்டம். அது மேசையைச் சுற்றி அமர்ந்து, தாளும் பென்சிலும் பகடையும் கொண்டு ஆடுவது. பலம், லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்ற ஆறு பண்புகளை அது வகுத்தது. தொடக்கத்தில் மூன்று பகடைகளை உருட்டி விழுந்த எண்ணே பண்பின் அளவாக இருந்தது. தேர்வுக்கு அதிக இடமில்லை. பிற்காலத்தில் குறிப்பிட்ட அளவு புள்ளிகளைக் கொடுத்து, ஆடுபவரே பங்கிட்டுக்கொள்ளும் முறை வந்தது. அதன்பின் 'எதை விடுவது' என்ற கேள்வி பிறந்தது. அமைப்பு என்ற கலை அந்தக் கேள்வியில்தான் அடங்கியுள்ளது.

சங்ககிரிப் பக்கத்து உவமை

சேலத்திலிருந்து கோவை செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள சங்ககிரி, லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் 'பில்டு' என்ற சொல் கணினிக்கு முன்பே புழக்கத்தில் உள்ளது. நிறுவனத்திடமிருந்து சேசிஸ் மட்டும் வாங்கி வந்து, பட்டறையில் விட்டுப் பாடி கட்டுவார்கள். அதுதான் பாடி பில்டிங்.

பாடி கட்டுபவர் முதலில் கேட்பது, "என்ன லோடு?" என்பதே. லாரியும் சரக்கும் சேர்ந்து இவ்வளவு எடைக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் வரையறுக்கிறது. பாடியை எவ்வளவு கனமாகக் கட்டுகிறோமோ அவ்வளவு சரக்கு குறையும். கனம் குறைத்தால் உறுதி குறையும். எரிவாயு டேங்கர் தன் வேலையைச் சிறப்பாகச் செய்யும். ஆனால் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதில் வேறு எதையும் ஏற்ற முடியாது. திறந்த பாடி லாரிக்கு ரிட்டர்ன் லோடு கிடைக்கும். எரிவாயுவை அதில் கொண்டுபோக முடியாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி பாறையைத் துளைத்து ஆழ்துளைக் கிணறு போடும். சிமெண்ட் மூட்டை சுமக்க அது பயன்படாது. இவற்றில் எது சிறந்த வண்டி என்று கேட்டால் அந்தத் தொழிலில் இருப்பவர் எவரும் விடை சொல்லமாட்டார். எந்த லோடு, எந்த வழி என்று தெரியாமல் அதற்கு விடை இல்லை.

பாத்திர அமைப்புக்கும் இதே மூன்று அளவுகோல்கள் பொருந்தும்: மொத்த வரம்பு, சுமக்கவேண்டிய வேலை, போகும் வழி. ஆயத்தப் பட்டியல்கள் முதலாவதைச் சரியாகக் கணக்கிடுகின்றன. மற்ற இரண்டையும் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

வரம்பின் கணக்கு

பெல்ஜியத்தைச் சேர்ந்த லேரியன் ஸ்டூடியோஸ் 2023-இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' இந்தக் கணக்கைக் கற்க ஏற்ற ஆட்டம். ஆறு பண்புகளும் 8-இல் தொடங்கும். பங்கிட 27 புள்ளிகள் உண்டு. 13 வரை ஒவ்வோர் உயர்வுக்கும் ஒரு புள்ளி. 14-க்கும் 15-க்கும் இரண்டிரண்டு புள்ளிகள். ஆகவே ஒரு பண்பை 15 ஆக்க 9 புள்ளிகள் தேவை. மூன்று பண்புகளை 15 ஆக்கினால் 27-உம் தீர்ந்துவிடும். மற்ற மூன்றும் 8-லேயே நிற்கும். இதன்பின் விரும்பிய ஒரு பண்பில் 2-உம் மற்றொன்றில் 1-உம் கூட்டிக்கொள்ளலாம்.

பண்பின் எண்ணைவிட அதிலிருந்து கிடைக்கும் கூட்டுமதிப்பே ஆட்டத்தில் வேலை செய்கிறது. 10-ஐக் கழித்து இரண்டால் வகுத்து, பின்னத்தைக் கீழ்நோக்கி விட்டுவிட வேண்டும். 16-க்குக் கூட்டுமதிப்பு 3; 17-க்கும் 3 தான்; 18-க்கு 4. அதாவது ஒற்றைப்படை எண்ணில் நிற்கும் புள்ளி, அடுத்த உயர்வு வரும்வரை பொதுவாகச் சும்மா கிடக்கும். தாக்குதலைத் தீர்மானிப்பது இருபது முகப் பகடை. எனவே கூட்டுமதிப்பில் 1 கூடினால், வழக்கமான நிலையில், வெற்றி வாய்ப்பு 100-க்கு 5 கூடும். இந்தச் சிறு கணக்கைப் புரிந்துகொண்ட மாணவர், எந்தப் பட்டியலிலும் ஓர் எண் ஏன் 16 என்றும் மற்றொன்று ஏன் 17 என்றும் தாமே கண்டுபிடித்துவிடுவார். 17 என்று போட்டவர் நான்காம் நிலையில் கிடைக்கும் சிறப்புத்திறனால் அதை 18 ஆக்க எண்ணியிருக்கிறார். அந்தத் திட்டம் இல்லாதவருக்கு 17 வீண்.

விடை இருந்தும் காரணம் இல்லாதபோது

அதே ஆட்டத்தில் பெரிதும் புகழப்படும் ஓர் அமைப்பு, வெறுங்கையால் சண்டையிடும் துறவி. இதன் அடிப்படை 'டேவர்ன் பிராலர்' என்ற சிறப்புத்திறன். ஆயுதமின்றி அடிக்கும்போதும், பொருளை எறியும்போதும், பலத்தின் கூட்டுமதிப்பை அது இருமுறை சேர்க்கிறது. ஆனால் இந்தத் துறவிக்கான பட்டியல்கள் சிலவற்றில் பலம் 8 என்றே இருக்கும். முரணாகத் தோன்றும் இந்த எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. ஆட்டத்தில் கிடைக்கும் ஒரு மருந்தைக் குடித்தால் அடுத்த நீண்ட ஓய்வு வரை பலம் 21 ஆகிவிடும். நாள்தோறும் அந்த மருந்து இருக்கும் என்ற நம்பிக்கையில், பலத்துக்குரிய புள்ளிகளை வேறு பண்புகளுக்குத் திருப்பியிருக்கிறார்கள். மருந்து உள்ளவருக்குக் கூட்டுமதிப்பு 5. இருமுறை சேர்ந்தால் 10.

மருந்தைப் பற்றிய வரியைக் கவனியாமல் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டவர் நிலை என்ன? அவருடைய துறவியின் பலம் 8, கூட்டுமதிப்பு குறை 1. இருமுறை சேர்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. ஒரே பட்டியல் ஒருவரை ஆட்டத்தின் வலிமை மிக்க வீரராகவும் மற்றொருவரைப் பயனற்ற சிறப்புத்திறனைச் சுமப்பவராகவும் ஆக்கிவிடுகிறது. மாறாக, 'பலம் இருமுறை சேர்கிறது' என்ற காரணத்தைப் பிடித்துக்கொண்டவர், அதே திறனை ஈட்டி எறியும் வீரருக்கும் தாமாகவே பொருத்திப் பார்ப்பார். இரண்டாவது பட்டியல் அவருக்குத் தேவைப்படாது.

வழியைப் பற்றிய குறையும் உண்டு. பால்டர்ஸ் கேட் 3-இல் உச்ச நிலை 12. பட்டியல்கள் பெரும்பாலும் 12-ஆம் நிலையின் தோற்றத்தைக் காட்டுகின்றன. ஆடுபவரோ ஆட்டத்தின் பெரும்பகுதியை அதற்குக் கீழேதான் கழிக்கிறார். போர்வீரருக்கு ஐந்தாம் நிலையில் ஒரு முறைக்கு இரண்டு தாக்குதல்கள் கிடைக்கும். உச்ச நிலையில் இரண்டு தொழில்கள் கலந்த அமைப்பைப் பார்த்துவிட்டு, தொடக்கத்திலேயே மூன்று நிலைகளை ஒரு தொழிலிலும் இரண்டை மற்றொன்றிலும் செலவிட்டவருக்கு அந்த இரண்டாவது தாக்குதல் உரிய காலத்தில் வராது. கலப்பு தவறல்ல, கலக்கும் வரிசை தவறு.

அச்சத்தில் பிறந்த பட்டியல்

இந்த வழக்கம் எப்படி வேரூன்றியது என்பதற்கு, பிளிசார்ட் நிறுவனம் 2000-இல் வெளியிட்ட 'டயாப்லோ 2' ஒரு சான்று. அதில் ஒவ்வொரு நிலைக்கும் பண்புகளுக்கு 5 புள்ளிகளும் திறனுக்கு 1 புள்ளியும் கிடைக்கும். ஒருமுறை செலவிட்டால் மாற்ற வழியில்லை. தீயை மட்டுமே நம்பி வளர்ந்த மந்திரக்காரி, கடைசிக் கடினநிலையில் தீயால் பாதிக்கப்படாத எதிரிகளைச் சந்திக்கும்போது செய்வதறியாது நிற்பாள். பல வாரங்கள் ஆடி வளர்த்த பாத்திரத்தைக் கைவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கவசம் அணியத் தேவையான அளவு மட்டும் பலம், மீதி உயிர்த்திறனுக்கு, மந்திர ஆற்றலுக்கு ஒன்றும் வேண்டாம் என்ற சூத்திரம் இந்த அச்சத்தில் பிறந்தது. 2003-இல் வந்த 1.10 திருத்தம் திறன்களை ஒன்றோடொன்று இணைத்ததால் பழைய சூத்திரங்கள் பலவும் பொய்த்தன. புள்ளிகளைத் திரும்பப் பெறும் வசதி 2010-இல் 1.13 திருத்தத்தோடுதான் வந்தது.

ஆகவே நகலெடுத்தவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. பிழையைத் திருத்த இடம் தராத தேர்வு முறை, ஆயத்த விடையைத் தேட வைக்கும். பால்டர்ஸ் கேட் 3-இல் விதர்ஸ் என்ற பாத்திரத்திடம் 100 பொற்காசு கொடுத்தால் அமைப்பு முழுவதையும் மாற்றிக்கொள்ளலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இதனால் தேர்வின் கனம் குறைந்துவிட்டது என்பாரும் உண்டு. அந்த வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் சிலேட்டில் எழுதி அழித்துப் பழகாமல் எவரும் எழுதக் கற்றதில்லை. குறைந்த விலைக்குத் திருத்தம் தரும் முறையே கற்பவருக்கு உகந்தது.

அசுரா: நகலெடுக்க முடியாத மரம்

இந்தச் சிக்கலுக்கு இந்தியாவிலிருந்து வந்த ஒரு விடை கவனத்துக்குரியது. ஐதராபாத்தைச் சேர்ந்த ஓகர் ஹெட் ஸ்டூடியோ 2017-இல் வெளியிட்ட 'அசுரா', இந்தியப் புராணச் சாயல் கொண்ட வாள்சண்டை ஆட்டம். இறந்தால் மீண்டும் புதிதாகத் தொடங்க வேண்டிய வகையைச் சேர்ந்தது. இதன் தனித்தன்மை, திறன் மரம் நிலையாக இல்லாமல் ஆட்டத்துக்கு ஆட்டம் புதிதாக உருவாக்கப்படுவது. சென்ற முறை கிடைத்த கிளை இந்த முறை இல்லாமல் போகலாம்.

எனவே இன்னொருவர் வளர்த்த மரத்தை அப்படியே நட முடியாது. கையில் வந்ததைப் பார்த்து, எது எதோடு சேரும் என்று அந்த நேரத்தில் யோசிக்க வேண்டும். பழகிய ஆட்டக்காரருக்கு இதில் எண்கள் கைகொடுக்காது, காரணங்கள் கைகொடுக்கும். இதற்கு ஒரு விலையும் உண்டு. நெடுநாள் திட்டமிட்டு ஒரு பாத்திரத்தைச் செதுக்கும் நிறைவு இத்தகைய ஆட்டத்தில் கிடைப்பதில்லை; அதிர்ஷ்டத்தின் பங்கும் கூடுகிறது. எனினும், சிந்திக்காமல் நகலெடுப்பதை அறிவுரையால் அல்லாமல் ஆட்டத்தின் வடிவமைப்பாலேயே தடுத்த வகையில் அசுரா பாராட்டுக்குரியது.

மதிப்பீடு

பட்டியல்களுக்கு ஆதரவான வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. பள்ளிப் பாடத்துக்கும் வேலைக்கும் நடுவே வாரத்தில் சில மணி நேரமே ஆடுபவர், எல்லாவற்றையும் தாமே சோதித்துக்கொண்டிருக்க இயலாது. நல்ல பட்டியல் நேரத்தை மிச்சப்படுத்தும். கணிதத்தில் தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டு எவ்வளவு தேவையோ அவ்வளவு இதுவும் தேவை. ஆனால் எடுத்துக்காட்டு படிகளோடு இருக்க வேண்டும். விடை மட்டும் இருந்தால் அடுத்த கணக்கைப் போட முடியாது.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது புதிய செய்தியன்று. மேல்நிலைத் தேர்வில் மதிப்பெண் குவிப்பதற்காக, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் பள்ளிகளைப் பற்றிய குறை நெடுங்காலம் பேசப்பட்டது. 2017–18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். உச்ச நிலையை மட்டும் காட்டி இடைப்பட்ட நிலைகளைத் தாண்டச் சொல்லும் பட்டியலும் அதே வகையைச் சேர்ந்ததுதான். இதில் ஒரு வேறுபாடு உண்டு: பள்ளியில் மாணவர் விரும்பி நகலெடுப்பதில்லை, நெருக்கடியில் எடுக்கிறார். விளையாட்டில் அந்த நெருக்கடி இல்லை. தவறு செய்தால் ஒரு மாலைப் பொழுதுதான் இழப்பு. தாமாகச் சிந்தித்துத் தேர்வு செய்து, அதன் விளைவைப் பார்த்து, திருத்திக்கொள்ள இவ்வளவு மலிவான இடம் ஓர் இளைஞருக்கு வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. அதையும் நகலுக்குக் கொடுத்துவிடுவதே உண்மையான இழப்பு.

எந்தப் பட்டியலையும் ஏற்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தப் பாத்திரம் எந்த வேலையைச் செய்யப்போகிறது? அதற்காக எந்தத் திறனைக் கைவிடுகிறது, கைவிட்டதை உடன் வரும் கூட்டாளிகளில் யார் ஈடுசெய்வார்? இந்த அமைப்பு எந்தப் பொருளை அல்லது மருந்தை நம்பியிருக்கிறது, அது எப்போது கையில் கிடைக்கும்? உச்ச நிலைக்கு முன்னுள்ள ஒவ்வொரு நிலையிலும் இது தாக்குப்பிடிக்குமா? இந்த நான்குக்கும் விடை சொல்லும் பட்டியலைத் தயங்காமல் பின்பற்றலாம். விடை இல்லையென்றால், சொந்தமாக ஓர் அமைப்பை உருவாக்கி, அது எங்கே தோற்கிறது என்று பார்த்துவிட்டு, அதன்பின் பட்டியலைத் திறப்பதே பயன் தரும். அப்போது அதிலுள்ள எண்களுக்குப் பின்னால் இருக்கும் காரணம் தானாகவே புலப்படத் தொடங்கும்.