நீலமும் ஆரஞ்சும்: புரத வடிவம் காட்டும் இணையச் செயலிகள்

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியை எழுதிவைத்தால் 147 எழுத்துகள். எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம். அந்த வரிசையை இணையச் செயலி ஒன்றில் ஒட்டிப் பொத்தானை அழுத்தினால், கையிலிருக்கும் தேநீர் ஆறுவதற்குள் சுருள் சுருளாக மடிந்த புரதம் திரையில் சுழல்கிறது. இதே ஹீமோகுளோபினோடு மேக்ஸ் பெருட்ஸ் கேம்பிரிட்ஜில் 1937இல் மல்லுக்கட்டத் தொடங்கினார். முதல் வடிவம் 1959இல்தான் பிடிபட்டது.

இச்செயலிகள் செய்திருக்கும் நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். டீப்மைண்டும் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனமும் 2021 ஜூலையில் திறந்த ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளம், அடுத்த ஆண்டே 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணித்த வடிவங்களை இலவசமாகக் கொடுத்தது. விலை உயர்ந்த கணினி இல்லாதவரும் உலாவியிலேயே கணித்துக்கொள்ள கோலாப்ஃபோல்டு வழி செய்தது. எக்ஸ்-ரே படிகவியல் கருவியைக் கண்ணால் பார்த்திராத கல்லூரி மாணவிகூட, தான் ஆராயும் பாக்டீரியாவின் புரதத்தை இன்று திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். 2024 வேதியியல் நோபலில் பாதி, வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு நிரலை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் போனது முற்றிலும் தகும்.

என் குறையெல்லாம் கணித்ததைக் காட்டும் விதத்தில்தான். ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் ஆல்ஃபாஃபோல்டு நூற்றுக்கு இவ்வளவு என்று நம்பக மதிப்பெண் போடுகிறது. 90க்கு மேல் அடர்நீலம், 50க்குக் கீழ் ஆரஞ்சு. மனிதப் புரதங்கள் மொத்தத்தையும் கணித்தபோது 70ஐத் தாண்டியவை 58 விழுக்காடு அமினோ அமிலங்களே. மீதியில் கணிசமானவை நிலையான வடிவமே இல்லாமல் நெளியும் பகுதிகள். திரையில் அவை ஆரஞ்சு நாடாவாகச் சுற்றிக் கிடக்கும். நிறத்தின் பொருள் தெரியாதவர் அதையும் வடிவம் என்றே எடுத்துக்கொள்வார்.

செயலி கட்டுபவர் அயர்ந்தால் இதைவிடப் பெரிய பிழை நேரும். சோதனையில் கண்டறிந்த வடிவக் கோப்புகளில் ஒவ்வோர் அணுவுக்கும் பி-காரணி என்றோர் எண் இருக்கும். அது கூடினால் அணு அலைகிறது, இடம் அவ்வளவு உறுதியில்லை என்று பொருள். ஆல்ஃபாஃபோல்டு தன் மதிப்பெண்ணை எழுதிவைப்பதும் அதே பத்தியில்தான். இங்கே எண் கூடினால் உறுதி கூடுகிறது. பழைய நிற அமைப்பை மாற்றாமல் விட்டால் உறுதியான பகுதி தளர்ந்ததாகவும், தளர்ந்தது உறுதியானதாகவும் தெரியும். படம் மட்டும் எப்போதும்போல் அழகாகவே இருக்கும்.

ஹீமோகுளோபினுக்குத் திரும்புவோம். தொடக்கத்தில் செயலி காட்டியது தனிச் சங்கிலி. ரத்தத்திலோ நான்கு சங்கிலிகள் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் மடிப்புக்குள்ளும் இரும்பு கொண்ட ஹீம் ஒன்று. ஆக்சிஜனைப் பிடிப்பதே அந்த இரும்புதான். படத்தில் அது இருக்க வேண்டிய இடம் வெறும் குழி. 2024இல் வந்த ஆல்ஃபாஃபோல்டு 3 இவற்றையும் சேர்த்துக் கணிக்கிறது என்றாலும், தனிச் சங்கிலியை மட்டும் கணிக்கும் செயலிகளில் குழி குழியாகவே நிற்கிறது.

அதே சங்கிலியில், தொடக்க மெத்தியோனினை விட்டு எண்ணினால் ஆறாவதாக வரும் குளுட்டாமிக் அமிலத்தை வேலினாக மாற்றிப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே வடிவம்தான் வரும். அரிவாள் செல் ரத்தசோகையை உண்டாக்கும் மாற்றம் இது. இந்தியாவில் அந்த நோய்த்தன்மை முதலில் 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் பதிவானது. கணிப்பு பொய்யில்லை. தனிச் சங்கிலியின் மடிப்பு உண்மையிலேயே பெரிதாக மாறுவதில்லை. ஆக்சிஜனை விட்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி இழையாவதில்தான் நோய் இருக்கிறது. ‘வடிவம் அப்படியே இருக்கிறது, பாதிப்பில்லை’ என்று ஒரு மாணவர் முடிவு கட்டப்போனால், அவரைத் தடுக்கச் செயலியில் ஒரு வரியாவது இருக்க வேண்டாமா?

கணித்த மடிப்பையாவது சரிபார்க்கும் கருவி நம் கையருகே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் குழுவினர் 1963இல் வெளியிட்ட வரைபடம், புரதத்தின் முதுகெலும்பு எந்தக் கோணங்களில் வளையலாம், எவற்றில் வளைய முடியாது என்று சொல்கிறது. புரத வடிவங்களை உலகெங்கும் இன்றும் அதை வைத்துச் சோதிக்கிறார்கள்.

செயலி கட்டும் மாணவர்களே, திரையில் பாதியைப் படத்துக்குக் கொடுங்கள். மறுபாதியில் நிறக்குறிப்பையும் ராமச்சந்திரன் வரைபடத்தையும், ‘இதில் ஹீம் இல்லை, துணைச் சங்கிலிகள் இல்லை’ என்ற குறிப்பையும் வையுங்கள். யாராவது படத்தைத் தரவிறக்கினால் நிறக்குறிப்பும் அதோடு சேர்ந்தே இறங்கட்டும்.